கடல் கடந்து போய்த் திரும்பாத படைவீரர்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் நினைவுகூர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் ஒரு படம் தொங்கும். காக்கிச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி, மீசை சரியாக முளைக்காத முகம். யாரென்று கேட்டால், "மூத்தம்மாட தம்பி. வெள்ளைக்காரன்ட ஆமியில போய்ச் செத்துப்போனார்" என்பார்கள். அதற்கு மேல் கதை நகராது. எந்த நாட்டில், எந்த ஆண்டில், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

உலகப் போர்களில் பிரித்தானியப் படையோடு போய் இறந்த அப்படிப்பட்ட ஒருவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இப்போது பல குடும்பங்கள் நினைக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பத் தயார். உடனே கல் வெட்டக் கொடுத்துவிடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிர். கல் கடைசி வேலை. பெயரும் நாளும் இடமும் உறுதியான பிறகுதான் கல்லைப் பற்றிப் பேச வேண்டும். பிழையான ஆண்டைக் கருங்கல்லில் வெட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறாகிவிடும்.

முதலில் யாருடைய வீட்டுக்குப் போவது

செத்தவர் பெரும்பாலும் கலியாணம் முடிக்காத இளைஞர். பிள்ளை குட்டி இல்லை. அதனால் அவருடைய தகப்பன் வழிச் சொந்தங்களைத் தேடிப் போவதுதான் வழக்கம். மட்டக்களப்பில் அது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

இங்கே குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வருகிறது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே அந்த இளைஞர் பிறந்து வளர்ந்த வீடு அவருடைய அக்காவுக்கோ தங்கச்சிக்கோ போயிருக்கும், பிறகு அவளுடைய மகளுக்கு, பிறகு பேத்திக்கு. கடிதம், படம், பதக்கம் எல்லாம் அந்த வீட்டோடுதான் போயிருக்கும். உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்கும் அவர்களுடைய எழுத்துக்கும் தொடர்பே இராது. அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். குடியைச் சொல்லி, "அவரோட கூடப்பிறந்த பொம்பளைகள் ஆர் ஆர்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

வயதானவர்களிடம் ஆண்டு கேட்டால் சரியாக வராது. சம்பவத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். மலேரியா பெருவாரியாக வந்த 1934, 35க்கு முன்னா பின்னா? திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டபோது அவர் வீட்டில் இருந்தாரா? அக்காவின் கலியாணத்துக்கு வந்தாரா? இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்து நிற்கலாம். பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எங்கள் ஊரில் பதிவுக் கருவியைக் கண்டால் ஆட்கள் ஏன் மிரளுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

றங்குப் பெட்டியில் என்ன இருக்கும்

பல வீடுகளில் ஒன்றும் இருக்காது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போனது, 1990 இடப்பெயர்வில் விட்டுவிட்டு ஓடியது, 2004 சுனாமி கொண்டுபோனது. இதற்குப் பிறகும் ஒரு துண்டுக் கடிதம் மிஞ்சியிருந்தால் அது பெரிய காரியம்.

கடிதம் இருந்தால் உள்ளே எழுதியதை விட முதலில் பார்க்க வேண்டியது அனுப்புநர் முகவரி. அதில் ஓர் இலக்கம் இருக்கும். அதுதான் படை இலக்கம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், ஒரே பிரிவில் அந்த இலக்கம் ஒருவருக்குத்தான். பக்கத்திலேயே படைப்பிரிவின் பெயர் சுருக்கமாக இருக்கும். ஊர்ப்பெயர் இருக்காது. தணிக்கை காரணமாக எங்கே நிற்கிறோம் என்று எழுத விடமாட்டார்கள், படைத் தபாலக இலக்கம் மட்டும் போடுவார்கள். எந்த இலக்கம் எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தது என்று முத்திரை சேகரிப்போர் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

படத்தைச் சட்டகத்திலிருந்து மெதுவாகக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் ஒரு வரியோ இருக்கலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம், கண்ணாடியோடே படமெடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்வதென்றால் 600 டிபிஐ வைத்து எடுத்தால் தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்தச் சின்னம் படைப்பிரிவைக் காட்டிக் கொடுக்கும். லேமினேட் மட்டும் வேண்டாம். கணினியில் நிறம் பூசிய படத்தை வீட்டில் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் கல்லில் பதிக்க அதைக் கொடுக்காதீர்கள். அந்தச் சட்டையின் நிறமும் அவர் தோலின் நிறமும் இயந்திரம் ஊகித்தவை.

பதக்கத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாம் உலகப்போரில் கொடுத்த வட்டப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் இலக்கமும் வெட்டியிருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரப் பதக்கங்கள் பெயரில்லாமல் வந்தவை. ஆகவே "இது அவருடையதுதான்" என்பதற்குப் பதக்கம் மட்டும் சாட்சி ஆகாது. ஆனால் வகை உதவும்: பர்மா நட்சத்திரம் என்றால் பர்மாப் பக்கம், ஆப்பிரிக்கா நட்சத்திரம் என்றால் எகிப்து, லிபியாப் பக்கம் தேடத் தொடங்கலாம். முதலாம் போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வெண்கலத் தட்டும் அனுப்பினார்கள். அதில் பதவி இருக்காது, பெயர் மட்டும் புடைத்து நிற்கும். ஜெனரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே தட்டு. இவற்றில் எதையும் புளி போட்டு விளக்கக் கூடாது. பளபளப்பு வரும், எழுத்துத் தேயும்.

எந்த வழியில் போனார்

இலங்கையிலிருந்து போனவர்கள் எல்லோரும் ஒரே கதவால் போகவில்லை. இதைப் பிரித்துக்கொள்ளாமல் தேடத் தொடங்கினால் தவறான பட்டியலில் நாள் போகும்.

இலங்கைப் பாதுகாப்புப் படை பெரும்பாலும் தீவுக்குள்ளேயே நின்றது, அதில் சிறு பகுதிகள் கொக்கோஸ் தீவுக்கும் சீசெல்சுக்கும் போயின. பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்து, பொறியியல் போன்ற பிரிவுகளில் நேரடியாகச் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, கடற்படைத் தொண்டர்களும் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர்களும். இவர்கள் சிப்பாய் இல்லாவிட்டாலும் போரில் கப்பலோடு மூழ்கியிருந்தால் போர் இறப்பாகவே பதிவாகியிருக்கும். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள், மலாயர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரிலும் போனவர்கள் உண்டு.

நான்காவது வகைதான் சிக்கலானது. மலாயாவுக்கு வேலைக்குப் போய், 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பான்காரனிடம் விழுந்த பிறகு அகப்பட்டவர்கள். சிலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள், அதில் இலங்கையருக்கென்று தனிப் பிரிவே இருந்தது. பலர் சயாம், பர்மா இரயில்பாதைக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் செத்த தமிழர்களுக்கு, வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கிடைத்ததுபோல் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. வீட்டில் "ஆமிக்குப் போனவர்" என்று சொல்லப்படுபவர் உண்மையில் இவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அப்படித் தெரியவந்தால் வெட்கப்படவோ மறைக்கவோ ஒன்றுமில்லை. தேட வேண்டிய இடம் மாறும், அவ்வளவுதான்.

பெயரைத் தேடுதல்

இதுதான் முழு வேலையின் இதயம், ஆறுதலாகச் செய்ய வேண்டியது.

பிரித்தானியப் பேரரசின் படைகளில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் பதிவைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு வைத்திருக்கிறது. 1917இல் தொடங்கிய அமைப்பு. அதன் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரை, பிறகு 1939 செப்ரெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை. காயத்தோடோ நோயோடோ திரும்பி வந்து வீட்டில் இறந்தவரும், இறப்பு படைச்சேவையால் ஏற்பட்டது என்றும் இந்தக் காலத்துக்குள் என்றும் காட்ட முடிந்தால், அதில் இடம்பெறலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊர்ச் சவக்காலையிலேயே ஒரு போர்க் கல்லறை இருக்க வாய்ப்புண்டு.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜனாக இருந்திருப்பார். அவர் காதில் விழுந்ததை எழுதினார். ஆகவே:

முதலில் தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். நாங்கள் முன்னால் வைப்பது தகப்பன் பெயர், அவர்கள் கடைசியில் நிற்பதையே குடும்பப் பெயர் என்று எடுப்பார்கள். சில பதிவுகளில் முதல் எழுத்து மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை.

அடுத்து எழுத்துக் குழப்பம். தகரத்துக்கு டி மட்டும் போட்டிருப்பார்கள், அல்லது எச் சேர்த்திருப்பார்கள். வகரத்துக்கு வி, சிலவேளை டபிள்யூ. "பிள்ளை" ஒட்டியும் பிரிந்தும் வரும், கடைசி எழுத்து மூன்று விதமாக வரும். "தம்பி" என்று தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டு வகையிலும் பார்க்க வேண்டும். முழுப் பெயரை அடிப்பதை விட முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் அடித்து, வரும் பட்டியலைக் கண்ணால் மேய்வது நல்லது. முஸ்லிம் பெயர்களில் "லெப்பை", "மரைக்கார்", "முகம்மது" மூன்றும் இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கும்.

நாடு என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இலங்கையர் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறார் என்பது அவர் சேர்ந்த படையைப் பொறுத்து மாறும். அதற்குப் பதிலாக "மேலதிகத் தகவல்" என்ற கட்டத்தில் ஊர்ப்பெயரை அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் குடும்பம் படிவம் நிரப்பி அனுப்பியிருந்தால், "இன்னாரின் மகன், மட்டக்களப்பு, இலங்கை" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அம்பாறைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே அம்பாறை என்று தேடி ஒன்றும் வராததால் பதிவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

வயது பெரும்பாலும் காலியாக இருக்கும். இருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம், சேர்வதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன பொடியன்மார் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். பிறப்பை உறுதிப்படுத்தப் பிரதேச செயலகத்தில் பதிவுப் பிரதி கேட்கலாம். கிறிஸ்தவராக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு அதைவிடத் தெளிவாக இருக்கும், தாய் தகப்பன் பெயரோடு. படித்தவராக இருந்தால் மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல், சிவானந்தா என்று அந்தக் காலத்தில் படித்திருக்கக்கூடிய பாடசாலைகளின் பழைய சஞ்சிகைகளைக் கேட்டுப் பாருங்கள். போருக்குப் போன பழைய மாணவர் பெயர்களைப் பாடசாலைச் சஞ்சிகைகள் விரும்பிப் போடும். பழைய பத்திரிகைக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே பார்க்க "நூலகம்" என்ற பெயரிலுள்ள எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் ஈழகேசரியின் பழைய இதழ்கள் உண்டு.

பதிவு கிடைத்துவிட்டால் அதில் ஒரு குறியீடு இருக்கும், எழுத்தும் எண்ணுமாக. அது சவக்காலையில் பகுதி, வரிசை, கல்லறை என்ற ஒழுங்கு. குறியீட்டுக்குப் பதில் பலகை இலக்கமும் நிரல் இலக்கமும் இருந்தால் உடல் கிடைக்கவில்லை, அல்லது அடையாளம் காணப்படவில்லை என்று அர்த்தம். அவருடைய பெயர் ஒரு சுவரில் இருக்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அப்படி இருக்கின்றன, ரங்கூனுக்குப் பக்கத்தில் தௌக்கியானில் ஏறத்தாழ 27 ஆயிரம். எகிப்தில் எல் அலமேன் இன்னொன்று. இதை வீட்டில் உள்ள வயதானவர்களிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். "கல்லறை இருக்கிறது" என்று அவர்கள் எண்பது வருடம் நம்பியிருக்கலாம்.

பெயர் அகப்படாவிட்டால்

அது உங்கள் குடும்பக் கதை பொய் என்பதற்குச் சான்று இல்லை. ஆணைக்குழுவே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்ட விஷயம் இது: முதலாம் உலகப்போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் குறிப்பிடப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கலாம். பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் பேரரசுக்காக வேலை செய்தவர்கள். எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், பதவியிலோ சாதியிலோ வித்தியாசம் இல்லை என்று பெருமைப்பட்ட அமைப்பு அது. ஐரோப்பாவில் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள். கறுத்தத் தோலுக்கு வந்தபோது பல இடங்களில் காப்பாற்றவில்லை.

விடுபட்ட பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். படையில் இருந்தார், சொன்ன காலத்துக்குள் இறந்தார், இறப்புக்குச் சேவையோடு தொடர்பு உண்டு: இந்த மூன்றுக்கும் எழுத்துச் சான்று வேண்டும். பதிவில் இருக்கும் பெயர் எழுத்துப் பிழையாக இருந்தாலும் சான்றோடு திருத்தக் கேட்கலாம். ஒரு பெயரின் எழுத்தைத் திருத்துவது ஊரில் மண்டபம் கட்டுவதை விடப் பெரிய நினைவுச் சின்னம் என்பேன், செலவும் தபால் செலவுதான்.

சேவைக் கோப்பு வேண்டுமென்றால் எந்த இராணுவம் என்பதைப் பொறுத்தது. பிரித்தானிய இராணுவத்தின் இரண்டாம் போர்க்காலக் கோப்புகள் 2022 முதல் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. முதலாம் போர்க் கோப்புகளில் பெரும்பங்கு 1940 செப்ரெம்பரில் இலண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோனது. அதனால் "கோப்பு இல்லை" என்று பதில் வந்தால் அதை ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரித்தானியப் படையில் நேரடியாகச் சேர்ந்தவரின் பதக்கங்களை அந்தக் காலத்தில் குடும்பம் பெறாமல் விட்டிருந்தால், நெருங்கிய உறவினர் இப்போதும் கேட்கலாம்.

கல்லறையைப் பார்க்க

இறந்த இடத்திலேயே புதைப்பது என்பது அப்போதைய கொள்கை. பணக்காரக் குடும்பம் மட்டும் உடலைக் கொண்டுவரும் நிலை வரக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் மறுத்தார்கள். ஆகவே நீங்கள்தான் போக வேண்டும், அல்லது யாரையாவது அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் இது இப்போது கடினமில்லை. கட்டாரிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஆள் இல்லாத வீடு எது? கிராஞ்சிக்குச் சிங்கப்பூர் இரயிலில் போய் இறங்கி நடக்கலாம். போகிறவருக்குக் குறியீட்டை எழுதிக் கொடுங்கள், வாசலில் இருக்கும் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல் முழுவதும் தெரிய ஒரு படம், எழுத்து மட்டும் தெரிய ஒரு படம், சுற்றுப்புறத்தோடு ஒரு படம். சுவர்ப் பெயர் என்றால் காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால்தான் வெட்டு எழுத்துத் தெரியும்.

கல்லில் எண்ணெய் பூசுவது, திருநீறு குழைத்துப் பூசுவது, சூடம் கொளுத்துவது வேண்டாம், அந்த வெள்ளைக் கல் கறை பிடிக்கும். பூ வைக்கலாம். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் ஒரு சிறு போத்தல் கொண்டுபோய் அந்தக் கல்லின் அடி மண்ணில் ஊற்றுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

நாளும் சடங்கும்

பதிவில் இறந்த தேதி கிடைத்ததும் திதியைக் கணித்துக்கொள்ளலாம். பழைய பஞ்சாங்கம் வேண்டியதில்லை, கணினியில் 1942க்கும் வரும். வேறு தேசத்தில் இறந்ததால் திதி ஒரு நாள் முன்பின்னாகலாம், ஐயரிடம் இடத்தையும் சொல்லிக் கேளுங்கள். சிலருடைய பதிவில் ஒரே தேதி இருக்காது, "இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்" என்று இருக்கும், குறிப்பாகச் சிங்கப்பூர் விழுந்த நாட்களில். அப்படியானவருக்கு ஆடி அமாவாசை வசதி. அன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் சனம் அலை மோதும், திருக்கோவிலில் கடல் தீர்த்தம். அது தகப்பனுக்குப் பிடிக்கும் விரதம் என்றாலும் தர்ப்பணத்தில் மாமன், பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். கோத்திரம் தெரியாது என்றால் பொதுவாகச் சிவகோத்திரம் என்று சொல்லிச் செய்துவைப்பார்கள். யார் செய்வது என்ற வாக்குவாதம் கட்டாயம் வரும். அக்கா, தங்கச்சியின் மகள் பெற்ற பேரன் செய்தால் போதும் என்பது என் எண்ணம். தாய்வழிக் குடியில் அவன்தான் கிட்டிய ஆண்.

கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 இருக்கிறது, பூசைக்குப் பெயர் கொடுத்தால் சரி. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில், முதலாம் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11க்குக் கிட்டிய ஞாயிறு பொருத்தமாக இருக்கும். முஸ்லிம் குடும்பங்களில் கத்தம் ஓதுவதா, துஆவோடு தர்மம் மட்டும் செய்வதா என்பது வீட்டு வழக்கம். கல் நடுவதை விட அவர் பெயரில் ஒரு குடிநீர்க் குழாயோ பள்ளி நூலகத்துக்கு ஓர் அலுமாரியோ வைப்பதைப் பலர் விரும்புவார்கள்.

நவம்பர் 11 என்றதும், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூ ஞாபகம் வரும். கொழும்பில் விகாரமகாதேவிப் பூங்காவில் உள்ள போர் நினைவுத் தூபியில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நிகழ்வு நடக்கும். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த அந்தத் தூபி முதலில் காலிமுகத்திடலில் நின்றது, யப்பான் விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று கழற்றிக் கொண்டுபோனார்கள். இந்தப் பொப்பிப் பூவுக்கு எதிராகவும் ஒரு பூ இந்த நாட்டில் விற்கப்பட்டது தெரியுமோ? 1930களில், பொப்பி விற்ற காசு இங்கிலாந்துக்குப் போகிறது என்று கோபப்பட்ட இளைஞர்கள் அதே நாளில் சூரியமல் விற்றார்கள். சூரியமல் வேறொன்றுமில்லை, எங்கள் வாவிக்கரையில் நிற்கும் பூவரசு. காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து வாடும். பேரரசின் படையில் செத்த எங்கள் பிள்ளைக்கு எந்தப் பூ வைப்பது என்று கேட்டால் நான் பூவரசு என்பேன். வளவில் ஒரு கன்று நட்டுவிட்டால் பூ வாங்கும் செலவும் இல்லை.

இனிக் கல்

பொது இடத்தில் வைப்பதென்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை அனுமதி வேண்டும், அது இழுபடும். சொந்த வளவு நல்லது. கோயில் வளாகம் என்றால் முதலில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோடு பேசுங்கள், தேவாலயம் என்றால் பங்குத் தந்தையோடு. கல் சிறிதாக இருக்கட்டும். ஆணைக்குழுவின் கல்லே ஏறத்தாழ 81 சென்ரிமீற்றர் உயரமும் 38 சென்ரிமீற்றர் அகலமும்தான்.

எழுத வேண்டியது: முழுப் பெயர் தமிழில், படைப்பதிவில் உள்ள எழுத்தில் இன்னொரு முறை, படை இலக்கம், பிரிவு, பிறந்த ஊர், இறந்த நாளும் இடமும், கல்லறை அல்லது சுவர் இருக்கும் இடம். "இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இன்னாரின் தம்பி" என்ற வரியில் தாயின் பெயரைக் கட்டாயம் சேருங்கள். உறுதியில்லாத எதையும் சேர்க்க வேண்டாம். "தாய்நாட்டைக் காக்கப் போரிட்டு" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். அவர் சம்பளத்துக்குப் போனாரோ, வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு போனாரோ, உலகம் பார்க்கப் போனாரோ, உங்களுக்கு எப்படித் தெரியும்? வயது இருபத்தொன்று என்று மட்டும் இருந்தால் வாசிப்பவருக்கு அது போதும்.

பக்கத்து வீடு

எங்கள் ஊரில் போர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பழைய போர் இல்லை. நீங்கள் கல் திறக்கும் ஒழுங்கையிலேயே, மகன் எங்கே என்று இன்னும் தெரியாத தாய் ஒருத்தி இருப்பாள். ஆகவே கொடியும் பாண்ட் வாத்தியமும் சீருடை அணிவகுப்பும் வேண்டாம். "மாவீரர்" என்ற சொல் இங்கே வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது, அழைப்பிதழில் அதைப் போட்டால் குழப்பமும் கேள்வியும் வரும். "படைவீரர்" போதும். பேச்சாளர்களை அழைப்பதைத் தவிருங்கள், அரசியல்வாதியைக் கட்டாயம் தவிருங்கள். ஆட்கள் கூடுவதாக இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் முதலே ஒரு சொல் சொல்லிவைத்தால் வீண் விசாரணை இராது.

இன்னொன்று. எங்கள் கடலிலும் பிறத்தியார் பிள்ளைகள் கிடக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதில் 307 பேர் இறந்தார்கள். கூடவந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும் அன்றே போயின. வீற்றா என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. ஹேர்மிஸ் இப்போதும் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது, சுழியோடிகள் போய் வருகிறார்கள். சிலவேளை அந்தக் குடும்பங்களிலிருந்து யாராவது கல்லடிக் கரைக்கு வந்து நிற்பார்கள். கடலைக் காட்டித் திசை சொல்லுங்கள், படகுக்காரரிடம் நியாயமான கூலி பேசிக் கொடுங்கள். கப்பலிலிருந்து எடுத்ததென்று யாராவது பித்தளைச் சாமான் விற்க வந்தால் வாங்காதீர்கள், அது ஒரு சவக்காலை.

கடைசியில் கடதாசி

சேர்த்த எல்லாவற்றையும், பதிவின் அச்சுப்பிரதி, கடிதங்களின் பிரதி, கல்லறைப் படம், யார் என்ன சொன்னார் என்ற குறிப்பு, ஒரே கோப்பில் போடுங்கள். உறுதியானது எது, கேள்விப்பட்டது எது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள். மூலத்தை அந்தப் பெண்வழி வீட்டிலேயே விடுங்கள், கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம். இன்னொன்றை ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் படை இலக்கத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள், அடுத்துத் தேட வருகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும்.